மிட்டாய்த் தொழிற்சாலையிலிருந்து தாங்கிக்கு: மிக்கைல் கொஷ்கினின் கதை

மிக்கைல் கொஷ்கின் என்ற பெயர் ரஷ்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நமக்குத் தெரியாது. ஆனால் அவர் தொடக்கிவைத்த வம்சத்தின் சத்தம் நமக்குத் தெரியும். 1987 ஒக்ரோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்து வீதிகளில் இறக்கிய ரி-72, 1990களின் தொடக்கத்தில் இலங்கை இராணுவம் வாங்கிய ரி-55, இரண்டும் சோவியத் நாட்டில் உருவானவை. அவற்றின் பாட்டன் ரி-34. அதை உருவாக்கி, பனிக்குள் ஓட்டிக் காட்டி, அந்தப் பயணத்தில் பிடித்த குளிர் விடாமலே 41 வயதில் செத்துப்போனவர் கொஷ்கின்.

அவரைப் பற்றி எழுத எனக்குக் காரணமாக இருந்தவன் பாலையூற்றில் ஒரு தம்பி. மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை. இரவில் பிளாஸ்ரிக் மொடல் ஒட்டுவான். அவனுடைய கொப்பி ஒன்றில் இனி வரப்போகும் மொடல் பெட்டிகளின் பட்டியல் இருக்கிறது. எந்தக் கம்பனி, என்ன அளவு, எந்த ஆண்டின் தாங்கி, உள்ளறையோடு வருமா இல்லையா என்று நிரல் போட்டு எழுதிவைத்திருக்கிறான். வருடத் தொடக்கத்தில் ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரில் விளையாட்டுப் பொருட் கண்காட்சி நடக்கும். மே மாதம் ஜப்பானின் ஷிசுவோக்காவில் இன்னொன்று. கம்பனிகள் தங்கள் புதுப் பெட்டிகளை அறிவிப்பது பெரும்பாலும் இவற்றையொட்டித்தான். எங்களூரில் பிள்ளைகள் சோதனைப் பெறுபேறுக்குக் காத்திருப்பதுபோல அவன் இதற்குக் காத்திருப்பான். பட்டியலில் பாதிக்கு மேல் சோவியத் கவச வாகனங்கள். ஒரு பெட்டி அவனுடைய ஒரு கிழமைச் சம்பளத்தைத் தின்றுவிடும். கனடாவில் இருக்கும் உறவினர் யாராவது ஊருக்கு வந்தால் சொக்லேற் வேண்டாம், இதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவான்.

திருகோணமலையில் தாங்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். யுத்தத் தாங்கியை அருகில் நின்று பார்த்தவர்கள் இங்கே குறைவு. அவனுடைய தாய் பார்த்திருக்கிறார். வன்னியிலிருந்து மெனிக் பாம் வழியாக இங்கு வந்து சேர்ந்தவர். மகன் ஒட்டி முடித்த ரி-55ஐ அலுமாரிக்குள் வைக்க அவர் விடவில்லை. எறியவும் சொல்லவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவைத்திருக்கிறார். விளக்குத் துடைக்கிற துணி அது. நான் போயிருந்த நேரம் அதை விலக்கிக் காட்டியவன் மகன். தாய் குசினிப் பக்கம் போய்விட்டார்.

அவனிடம் இருந்த இன்னொரு பெட்டி கொரியாவின் அக்கடமி நிறுவனத்துடையது. ரி-34, தொழிற்சாலை இலக்கம் 183 என்று மேலே அச்சிட்டிருந்தது. இலக்கத்தைக்கூடப் பெட்டியில் போடுகிறார்களே என்று நான் கேட்டபோது, ஒவ்வொரு தொழிற்சாலையும் செய்த தாங்கிக்குச் சில்லும் வார்ப்பும் வேறுபடும், சேர்த்து ஒட்டினால் பிழை என்று விளக்கினான். எனக்கு அந்த 183தான் மனதில் நின்றது. அந்தத் தொழிற்சாலை கார்கிவ் நகரத்தில் இருந்தது. கொஷ்கின் வேலை செய்த இடம்.

1898 டிசம்பரில், யரஸ்லாவ் மாகாணத்தில் பிரின்சாகி என்ற குக்கிராமத்தில், ஏழை உழவுக் குடும்பமொன்றில் பிறந்தார் கொஷ்கின். தகப்பன் காட்டில் மரம் தறிக்கும் வேலைக்குப் போய், பாரம் தூக்கியதில் உடம்பு முறிந்து 1905இல் இறந்தார். தாய் அயல்வீடுகளின் வயல்களில் கூலிக்குப் போனார். பையனைப் பத்துப் பதினொரு வயதில் மொஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை. சீனிப்பாகு காய்ச்சும் பகுதியில் வேலை. தகப்பனில்லாத வீட்டின் மூத்த பொடியன் நகரத்துக் கடைக்கு வேலைக்குப் போவதை நாம் புதிதாக அறியவேண்டியதில்லை. வவுனியாவிலும் கொழும்பிலும் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. சம்பளத்தைத் தாய்க்கு அனுப்பினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

1917இல் சாரின் படைக்கு ஆள் பிடித்தபோது அவரும் அகப்பட்டார். போர்முனையில் காயம்பட்டுத் திரும்பினார். புரட்சி வந்ததும் செம்படையில் சேர்ந்தார், உள்நாட்டுப் போரில் தெற்கே சாரிட்சினிலும் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கமும் நின்றார், நச்சுக்காய்ச்சல் வந்து பிழைத்தார், கொம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். போருக்குப் பிறகு மொஸ்கோவின் கட்சிப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு படிக்க வைத்தார்கள். 1924இல் வெளியே வந்தவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? வியாட்கா நகரத்து மிட்டாய்த் தொழிற்சாலைக்கு, பொறுப்பாளராக. சிறுவயதில் பாகு கிளறிய அனுபவம் கட்சிக் கோப்பில் இருந்திருக்கும்போல.

வியாட்காவில் வீரா என்ற பெண்ணை மணந்தார். மூன்று பெண் பிள்ளைகள். கட்சி வேலையில் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தார். அப்படியே இருந்திருந்தால் ஒரு மாகாணக் கட்சி அதிகாரியாக, எவரும் நினைவில் வைக்காத ஒருவராக முடிந்திருப்பார். ஆனால் 1929இல், முப்பது வயதில், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு லெனின்கிராட் போய் மாணவரானார். மோட்டார் வாகனமும் உழவு இயந்திரமும்தான் பாடம். தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு ஒரே வாங்கில் இருந்து கணக்குப் படித்து 1934இல் பொறியியலாளராக வெளியே வந்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு வரியில் கடந்துபோகிறார்கள்.

லெனின்கிராட்டின் தாங்கிப் பட்டறையில் இரண்டு ஆண்டு. 1936இல் ஒரு விருதும் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவில் கார்கிவின் 183ஆம் இலக்கத் தொழிற்சாலைக்குத் தாங்கி வடிவமைப்புக் குழுவின் தலைவராக அனுப்பினார்கள். நீராவிப் புகையிரத இயந்திரம் செய்யத் தொடங்கிய பழைய தொழிற்சாலை அது.

அந்தக் கதிரை ஏன் காலியாக இருந்தது என்பதுதான் விசயம். அவருக்கு முன்பு அதில் இருந்தவர் அபனாசி ஃபிர்சோவ் என்ற பொறியியலாளர். பிரி-7 என்ற இலகு தாங்கியின் கியர்பொக்ஸ் அடிக்கடி உடைந்தது. இராணுவம் முறைப்பாடு செய்தது. பொறியியல் பிழையை நாசவேலை என்று எழுதுகிற காலம் அது. ஃபிர்சோவைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சில மாதம் அதே கட்டடத்தில் புதுத் தலைவருக்கு உதவியாக வேலை செய்தார். புதுத் தாங்கியின் முதல் யோசனைகளில் அவருடைய பங்கும் உண்டு. 1937இல் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அவர் ஒருவர் மட்டுமல்ல. ரி-34இன் உயிர் அதன் டீசல் இயந்திரம். வி-2 என்று பெயர், 500 குதிரைவலு. பெற்றோலைவிடத் தீப்பிடிக்கும் ஆபத்துக் குறைவு. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் கொன்ஸ்ரன்ரின் செல்பான், அசோவ் கடற்கரைக் கிரேக்கச் சிறுபான்மையினத்தவர். 1937 டிசம்பரில் கிரேக்கர்களைக் குறிவைத்து நடந்த சுற்றிவளைப்பில் கைதானார். 1938 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். தொழிற்சாலையின் பணிப்பாளரும் அந்த ஆண்டே கைதாகிக் கொல்லப்பட்டார். காணாமல் ஆக்கப்பட்டவரின் மேசையில் இன்னொருவர் வந்து இருந்து வேலையைத் தொடர்வது எப்படியிருக்கும்? கொஷ்கின் அதைப் பற்றி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதக்கூடிய நாடும் அல்ல அது. அவர் கட்சிக்காரர், அந்த ஆட்சியை நம்பியவர். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி அந்த வடிவமைப்பு. அதுவரை சோவியத்தின் வேகத் தாங்கிகள் அமெரிக்கரான வோல்ரர் கிறிஸ்ரியின் திட்டத்தில் வந்தவை. சங்கிலியைக் கழற்றிவிட்டு வெறும் சில்லில் வீதியில் ஓடும். கேட்க நல்லாயிருக்கும், ஆனால் அந்த ஏற்பாட்டுக்கே எத்தனையோ பாகங்கள், எத்தனையோ பாரம். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மெல்லிய கவசம் போட்ட தாங்கிகள் எரிந்துபோனதையும் பார்த்தாயிற்று. இராணுவம் கேட்டது சில்லிலும் ஓடும் ஏ-20. கொஷ்கின் அதோடு நிற்காமல், சில்லு ஓட்டத்தை முற்றாக விட்டுவிட்டுச் சங்கிலியில் மட்டும் ஓடும் ஏ-32ஐயும் முன்வைத்தார். மிச்சப்படும் பாரத்தைக் கவசத்தில் போடலாம் என்பது அவருடைய கணக்கு. 1938இல் மொஸ்கோவில் நடந்த கூட்டத்தில் அதிகாரிகள் பலர் எதிர்த்தார்கள். இரண்டையும் செய்து பார்க்கட்டும் என்று ஸ்ராலின் விட்டதால் தப்பியது.

கவசத்தைச் சாய்த்து வைத்ததுதான் பெரிய விசயம். 45 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை நிமிர்த்தி வைத்தால் குண்டு துளைக்கவேண்டிய தடிப்பு 45தான். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்தால், நேராக வரும் குண்டு 90 மில்லிமீற்றரைக் கடக்கவேண்டும். பல குண்டுகள் வழுக்கி மேலே எகிறிவிடும். சாய்ந்த தகட்டை இவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கனத்த கவசம், 76 மில்லிமீற்றர் பீரங்கி, டீசல் இயந்திரம், சேற்றிலும் பனியிலும் புதையாத அகலச் சங்கிலி, இவை எல்லாவற்றையும் 26 தொன்னுக்குள், படிப்பறிவு குறைந்த தொழிலாளியும் செய்து முடிக்கக்கூடிய எளிமையோடு ஒன்றாக்கியதுதான் அவரும் அவருடைய குழுவும் செய்தது. குறைகளும் இருந்தன. சுழல்கோபுரத்துக்குள் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கவேண்டும். கட்டளையிடுபவரே சுடவும் வேண்டும். வெளியே சரியாகத் தெரியாது. கியர் மாற்றச் சில நேரம் சுத்தியலால் அடிக்கவேண்டியிருந்தது என்று ஓட்டுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் கடையில் இதைச் சொன்னபோது, சுத்தியலை எடுக்கவைக்கும் கியர்பொக்ஸ் தன்னிடமும் மாதம் ஒன்று வருவதாகச் சொன்னான்.

1939 டிசம்பரில் ரி-34 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டார்கள். 1940 மார்ச் 17இல் கிரெம்ளினில் தலைவர்களுக்குக் காட்டவேண்டும். முதல் இரண்டு தாங்கிகளும் தயார். ஆனால் சோதனை ஓட்டத்தில் ஓடியிருக்கவேண்டிய தூரத்தை ஓடி முடிக்கவில்லை. அப்படியானால் காட்ட முடியாது. கொஷ்கின் ஒரு முடிவு எடுத்தார். கார்கிவிலிருந்து மொஸ்கோ ஏறத்தாழ 750 கிலோமீற்றர். ஓட்டியே கொண்டுபோவோம், தூரமும் கணக்கில் சேரும் என்றார். மார்ச் முதல் வாரம் புறப்பட்டார்கள். இரகசியம் காக்கப் பெரிய வீதிகளையும் ஊர்களையும் விலக்கி, காட்டுக்குள்ளாலும் பனி மூடிய வயல்களுக்குள்ளாலும் ஓட்டினார்கள். தாங்கிக்குள் சூடாக்கும் வசதி கிடையாது. கொஷ்கினும் கூடவே போனார். வழியிலேயே சளியும் காய்ச்சலும். கிரெம்ளின் முற்றத்தில் தாங்கிகள் சுழன்று காட்டியபோது அவரால் இருமலை அடக்க முடியவில்லை என்கிறார்கள். உற்பத்தியைத் தொடங்க உத்தரவு கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லியும் கேட்காமல், திரும்பிய பயணத்திலும் தாங்கியோடேயே போனார். ஓரியோல் நகரத்துக்கு அருகில் ஒரு தாங்கி தண்ணீருக்குள் சரிந்ததாகவும், அதை இழுத்து எடுக்க அவரும் பனித் தண்ணீருக்குள் இறங்கியதாகவும் சொல்லப்படுகிறது. கார்கிவ் வந்து சேர்ந்தபோது நிமோனியா முற்றியிருந்தது. ஒரு நுரையீரலை வெட்டி எடுத்தார்கள். 1940 செப்ரெம்பர் 26இல் நகருக்கு வெளியே சுகநிலையம் ஒன்றில் இறந்தார்.

இந்தப் பயணத்தை வைத்து 2018இல் ரஷ்யாவில் ஒரு படம் எடுத்தார்கள். பெயரே ‘தாங்கிகள்’தான். அதில் உளவாளிகள் துரத்துகிறார்கள், காட்டுக்குள் சண்டை நடக்கிறது. ஊடகம் படித்தவள் என்ற முறையில் எனக்கு இது வியப்பில்லை: அரசுகளுக்கு எப்போதும் வெளியிலிருந்து வரும் எதிரி வேண்டும். கொஷ்கினைக் கொன்றது மார்ச் மாதக் குளிரும், ஓடாத தூரத்தைக் காட்டித் தடுத்த ஒரு கடதாசியும்.

அவர் சாகும்போது ரி-34 சில பத்துக் கணக்கில்தான் வெளிவந்திருந்தது. 1941 ஜூனில் ஹிட்லரின் படை எல்லையைக் கடந்தபோது ஆயிரம் அளவில் இருந்தன. ஜேர்மன் பீரங்கிகளால் அதை முன்பக்கமாகத் துளைப்பது கடினமாயிருந்தது. அதைப் பார்த்துத்தான் சாய்ந்த கவசத்தோடு பாந்தர் என்ற தாங்கியை ஜேர்மனி அவசரமாக வரைந்தது. பாந்தர் என்றால் சிறுத்தை; அவர்களிடம் புலி என்றும் ஒன்று இருந்தது. கொஷ்கின் என்ற குடும்பப் பெயரோ ரஷ்ய மொழியில் பூனை என்ற சொல்லிலிருந்து வந்தது.

1941 ஒக்ரோபரில் கார்கிவ் விழுந்தது. அதற்கு முன்பே 183ஆம் இலக்கத் தொழிற்சாலையைக் கழற்றிப் புகையிரதத்தில் ஏற்றி யூரல் மலைப்பக்கம் நிஷ்னி தகில் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொஷ்கினின் உதவியாளராக இருந்த அலெக்சாந்தர் மொரோசோவ் அங்கே வேலையைத் தொடர்ந்தார். போர் முடியும்போது ரி-34 ஐம்பதாயிரத்துக்கும் மேல். போரில் அழிந்தவையும் நாற்பதாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு அல்லது ஐந்து பேர். வென்ற தாங்கி என்று பெட்டியின் மேல் வண்ணப் படம் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் போடுவதில்லை.

1945இல் பெர்லினுக்குள் நாசிகளை முறியடித்து நுழைந்தது அதே தாங்கிதான். 1953 ஜூனில் சம்பளத்துக்கும் உரிமைக்கும் தெருவில் இறங்கிய கிழக்கு பெர்லின் தொழிலாளர் மேல் ஏவப்பட்டதும் அதே தாங்கிதான். ஒரு நகரம், எட்டு ஆண்டு இடைவெளி.

அதிலிருந்து ரி-44, பிறகு ரி-54, பிறகு ரி-55. உலகிலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட தாங்கி வரிசை இது. நிஷ்னி தகிலிலிருந்து பின்னர் ரி-72 வந்தது. அதை உரிமம் பெற்றுச் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடித் தொழிற்சாலையில் இந்தியா செய்தது. தமிழ்த் தொழிலாளர்கள் உருக்கி ஒட்டிய தாங்கிகள் அவை. ரி-55ஐ உரிமத்தோடு செய்த நாடுகளில் ஒன்று செக்கோஸ்லோவாக்கியா. 1968இல் பிராக் நகர வீதிகளில் சோவியத் தாங்கிகள் நிற்பதைப் பார்த்த நாடு. 1989இல் விடுதலை பெற்று, எழுத்தாளரும் முன்னாள் கைதியுமான வாச்லவ் ஹாவெல் ஜனாதிபதியானபோது, ஆயுத வியாபாரத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஸ்லோவாக்கியாவின் தாங்கித் தொழிலாளர்கள் வேலை போகும் என்று எழுந்ததும் அந்த அறிவிப்புத் தளர்ந்தது. இலங்கை இராணுவம் தன் முதல் ரி-55களை வாங்கியது அந்த நாட்டிடம்தான். 1993 நவம்பரில் பூநகரி முகாம் தாக்குதலில் ரி-55 புலிகளின் கைக்கும் வந்தது. இரு தரப்பிலும் ஓடியது கொஷ்கினின் பேரப்பிள்ளை.

தம்பியிடம் நான் கேட்க நினைத்த கேள்வி இதுதான்: வீட்டுக்குள் தாய் பயப்படும் பொருளை ஏன் ஒட்டுகிறாய்? கேட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தபிறகு தனக்குப் பயம் குறைந்துவிட்டதாகச் சொன்னான். 2009இல் அவன் சின்னப் பிள்ளை. சத்தம் மட்டும் ஞாபகம். இப்போது 35இல் ஒரு பங்கு அளவில், ஒரு சாணுக்கும் குறைவாக, மேசையில் வைத்து அதன் கூரையைக் கழற்றிப் பார்க்கிறான். ஆனையிறவில் ஏ-9 வீதியோரம் நிறுத்தியிருக்கும் கவச புல்டோசரின் முன் நின்று படம் எடுப்பவர்களோடு இவனை என்னால் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. அங்கே ஒரு வெற்றியைக் காட்டுகிறார்கள். இவன் ஒன்றைக் கழற்றுகிறான். அதற்காகத் தாயின் துணியை நான் குறை சொல்லவும் மாட்டேன். அவருக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது தேவையில்லை. வெளியே என்ன செய்தது என்று தெரியும்.

அவனுடைய பட்டியலில் உள்ள கம்பனிகளில் இரண்டு, மினிஆர்ட்டும் ஐசிஎம்மும், உக்ரேனின் கீவ் நகரத்தைச் சேர்ந்தவை. ஸ்வெஸ்டா மொஸ்கோவுக்குப் பக்கத்தில். 2022 பெப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது கீவ் கம்பனிகளின் வேலை நின்றது, பிறகு மீண்டும் தொடங்கியது. ஷெல்லும் ட்ரோனும் விழும் நகரத்திலிருந்து தாங்கி மொடல்கள் பெட்டியில் அடுக்கப்பட்டு உலகுக்குப் போகின்றன. 2023இல் ரஷ்யா பழைய களஞ்சியங்களிலிருந்து ரி-54, ரி-55களைப் புகையிரதத்தில் ஏற்றி உக்ரேன் பக்கம் அனுப்பியது. கொஷ்கின் வேலை செய்த கார்கிவ் மேல் இன்றும் குண்டு விழுகிறது.

கொஷ்கினுக்கு 1942இல் ஸ்ராலின் பரிசு கொடுத்தார்கள், இறந்த பிறகு. 1990 ஒக்ரோபரில் சோசலிச உழைப்பின் வீரர் என்ற பட்டம், இறந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகு. அடுத்த ஆண்டு பட்டம் கொடுத்த நாடே இல்லை. பிரின்சாகிக்குத் திரும்பும் சந்தியில் ஒரு ரி-34ஐப் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அவரை அடக்கம் செய்தது கார்கிவின் முதலாம் நகரக் கல்லறைத் தோட்டத்தில். போரில் அந்தக் கல்லறை அழிந்தது. போருக்குப் பிறகு மிஞ்சிய கல்லறைகளையும் சோவியத் அரசே அகற்றி, அந்த நிலத்தில் இளைஞர் பூங்கா அமைத்தது. மனைவியும் மூன்று மகள்மாரும் பூ வைக்கப் போவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.